பென்சிலினை அறுக்கும் நொதி: ஒரு வியாபாரி பார்த்த வரலாறு

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்தால் மாவுக்கு ஒரு தித்திப்பு வருகிறது, இல்லையா? முளைக்கும் தானியத்துக்குள் இருக்கும் ஒரு பொருள் மாவுச்சத்தை அறுத்துச் சர்க்கரையாக்குவதே காரணம். 1833-ல் பயேன், பெர்சோ என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர் முளைவிட்ட பார்லியிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இத்தகைய பொருள்களையே நொதி என்கிறோம். தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்துவதால் நொதியும் ஒரு வினையூக்கிதான். வியாபாரப் பேச்சில் சொன்னால், முதல் கரையாமல் வரவு மட்டும் வந்துகொண்டிருக்கும் தொழில்!

அடியேன் கல்லூரியில் வேதியியல் படித்தவன் அல்லன். புனே, மும்பைப் பக்கத்து மருந்துக் கம்பெனிகளுக்கு சால்வென்ட் விற்றே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எந்தச் சரக்கு ஏன் ஓடுகிறது, எது ஏன் நிற்கிறது என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வாலும் உடலும்

பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பென்சிலின்-ஜி மூலக்கூறுக்கு ஒரு வால் உண்டு. அதை அறுத்துவிட்டால் மிஞ்சும் உடலுக்கு 6-ஏ.பி.ஏ. என்று பெயர். இங்கிலாந்தின் பீச்சம் கம்பெனி ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து 1959-ல் உலகுக்கு அறிவித்தனர். இந்த உடலில் வேறு வாலை ஒட்டவைத்தால் புது மருந்து. ஆம்பிசிலின் (1961), அமாக்சிசிலின் (1972) எல்லாம் அப்படிப் பிறந்தவையே.

அறுப்பதுதான் சிரமம். உடலுக்குள் நான்கு அணு கொண்ட வளையம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கைவைத்தாலும் அது உடைந்துபோகும். மருந்தின் வீரியமும் போய்விடும். ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் உள்ள பென்சிலின் அசைலேஸ் என்ற நொதியோ வளையத்தைத் தொடாமல் வாலை மட்டும் அறுக்கும். 1960-லேயே இது தெரிந்துவிட்டது.

வேதிமுறை வென்ற காலம்

ஆனாலும் 1970-களில் ஓங்கி நின்றது வேதிமுறைதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உருவானதால் அதற்கு டெல்ஃப்ட் முறை என்று பெயர். காரணம் எளிது. தொட்டியில் கரைத்த நொதியைத் திரும்ப எடுக்க வழியில்லை, போட்டது போனதுதான். ஒவ்வொரு தடவையும் புது நொதி வாங்கினால் எந்த ஆலைக்குக் கட்டுப்படியாகும்?

வேதிமுறையின் செலவையும் பாருங்கள். சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிர் வேண்டும். ஒரு கிலோ 6-ஏ.பி.ஏ.வுக்குப் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு 1.2 கிலோ, எம்.டி.சி. 8.4 லிட்டர், பியூட்டனால் 8.4 லிட்டர், இவை தவிர வேறு சரக்கும் உண்டு. சால்வென்ட்டைக் காய்ச்சி வடித்து மறுபடி எடுக்கலாம் என்றாலும், கழிவு கழிவுதானே.

மணியில் கட்டிய நொதி

1969-ல் ஜப்பானின் தனாபே செய்யாக்கு கம்பெனி வேறொரு நொதியை, அமினோ அமிலத் தயாரிப்புக்காக, திடப்பொருளில் பிணைத்து ஆலையிலேயே ஓட்டிக் காட்டியது. இச்சிரோ சிபாட்டா என்பவர் அதில் முன்னின்றார். அதே யோசனை பென்சிலினுக்கும் வந்தது. பிசின் மணிகளில் நொதியைக் கட்டிவைத்தால், கரைசல் மட்டும் வடிந்து போகும்; மணி தொட்டியிலேயே தங்கும். நூற்றுக்கணக்கான தடவை அதே நொதி வேலை செய்யும். அப்புறம் மரபணுத் தொழில்நுட்பமும் சேர, நொதியின் விலையும் இறங்கியது.

இப்போது தேவைப்படுவது தண்ணீர், 37 டிகிரி அளவு வெதுவெதுப்பு, பிரிந்துவரும் அமிலத்தைச் சமன்செய்யக் கிலோவுக்குச் சுமார் 90 கிராம் அம்மோனியா. அவ்வளவுதான்! வெட்டுப்பட்ட வாலையும் பூஞ்சைத் தொட்டிக்கே திருப்பிவிடலாம். சால்வென்ட் விற்கிற எனக்கு இது நஷ்டக் கணக்கு. ஆலையைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களுக்கு லாபம். வேதிமுறை மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது.

நம் பக்கத்துக் கதை

புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954-ல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கப்பட்டது. பின்னாளில் அந்த ஆலையும் புனே தேசிய இரசாயன ஆய்வகமும் சேர்ந்து இந்த நொதி முறையை உள்நாட்டிலேயே உருவாக்கின. பெருமைப்படத்தக்க செய்தி.

ஆனால் அறுப்பதற்குப் பென்சிலின்-ஜி வேண்டுமே! 1990-களில் இறக்குமதிக்குக் கதவு திறந்த பிறகு சீனச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. நம் ஆலைகள் ஒவ்வொன்றாகப் பென்சிலின்-ஜி உற்பத்தியை நிறுத்தின. கத்தி நம் கையில், காய் பிறத்தியார் தோட்டத்தில் என்று ஆச்சு. 2020-ல் மத்திய அரசு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்து, 2024-ல் ஆந்திராவின் காக்கிநாடா அருகே உற்பத்தி மறுபடி தொடங்கியிருக்கிறது.

நல்ல நுட்பம் கண்டுபிடித்தவுடனே ஜெயித்துவிடுவதில்லை. திரும்பத் திரும்பப் பயன்படும்படி ஆக்கியபோதுதான் நொதி ஜெயித்தது. ஜெயித்த நுட்பமும் மூலச்சரக்கு கைவிட்டுப் போனால் பாதிப் பலன்தான் தரும். மருந்துத் துறையில் வேலை பார்க்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.