கடைமடையின் முறையீடு

நெல்லைச் சீமையில் பொருநையாற்றோடு சிற்றாறு வந்து கலக்கும் ஊர் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு போற்றும் முக்கூடல் இதுவே என்பர் அறிஞர். இவ்வூருக்குக் கீழே மருதூர் அணை. அதற்கும் கீழே ஸ்ரீவைகுண்டம் அணை. ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழ்வோர் ஓர் உண்மையை நன்கறிவர். கடைமடை வயலுக்கு நீர் எட்டாவிட்டால், அதன் முறையீடு தலைமடை வரை வந்தே தீரும். மனித உடலிலும் அத்தகைய கடைமடைக்காரர் ஒருவர் உண்டு. அவரே சிறுநீரகம். அவருடைய முறையீட்டை மருத்துவ உலகம் செவிமடுக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இலண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி, மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். அது முட்டையின் வெண்கருவைப் போலத் திரண்டது. புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் மறைந்தபின் உடலைச் சோதித்தபோது சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்தன. 1827-இல் இவற்றை நூலாக வெளியிட்ட பிரைட், 1836-இல் மற்றொன்றையும் குறித்தார்: இத்தகையோர் பலருக்கு இதயம் பருத்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் பருக்க வேண்டும்? இரத்த அழுத்தத்தை அளக்கும் கைப்பட்டைக் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி அமைத்தது 1896-இல்தான். ஆகவே வினா விடையின்றி நின்றது.

1898-இல் ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவர், முயலின் சிறுநீரகச் சாற்றை ஊசிவழி செலுத்தினால் அழுத்தம் ஏறுவதைக் கண்டு, அச்சாற்றின் சத்துக்கு 'ரெனின்' எனப் பெயரிட்டனர். உலகம் அதை மறந்தது. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்டுபிளாட், நாயின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் சற்றே இறுக்கினார். நாயின் உடலெங்கும் அழுத்தம் உயர்ந்தது! மடையை நெருக்கியதும் கடைமடைக்காரர் முறையிட்டுவிட்டார் அல்லவா?

அம்முறையீட்டின் வழியும் பின்னர்த் தெளிவாயிற்று. இரத்தம் போதாத சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதனால் 'ஆஞ்சியோடென்சின்' உருவாகி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின் மீது தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியையும் அது தூண்டுகிறது. அட்ரீனல் சுரக்கும் 'ஆல்டோஸ்டிரோன்' உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் நெடுநாள் நீடித்தால் சிறுநீரகத்தையே சிதைக்கிறது. முறையிட்டவரே இறுதியில் பலியாகிறார்!

முறையீடே இல்லாமல் மதகு திறந்துகொண்டால்? மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரோம் கான் 1954-இல் கண்டது அதைத்தான். முப்பத்துநான்கு வயதுப் பெண்மணி ஒருவர். கொதிப்பும், தசைத் தளர்ச்சியும், பொட்டாசியக் குறைவும் அவரை வாட்டின. அட்ரீனலில் இருந்த சிறு கட்டி, யார் ஆணையுமின்றி ஆல்டோஸ்டிரோனைப் பொழிந்துகொண்டிருந்தது. கட்டியை அகற்றியதும் அவர் நலமடைந்தார்.

இதைக் கண்டறியும் முறை எளிய தருக்கமே. ரெனின் ஆணை; ஆல்டோஸ்டிரோன் ஏவல். ஆணை குறைந்தும் ஏவல் மிகுந்தும் காணப்பட்டால் அங்கே கோளாறு உண்டு. இவ்விரண்டின் விகிதத்தைப் பார்க்கும் சோதனையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1981-இல் முன்வைத்தனர். நெடுங்காலம் இதனை அரிய நோய் என்றே எண்ணினர். இன்றோ, கொதிப்புள்ளோர் நூறு பேரில் ஐவருக்கேனும் இருக்கலாம் என அறிகிறோம். 2025-இல் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், கொதிப்புள்ள அனைவரையும் இதற்காகச் சோதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது.

ஆயினும், விலையுயர்ந்த சோதனைக்கு முன் விலையற்ற சோதனை ஒன்று உண்டு. சென்னையின் சிறுநீரக மருத்துவ அறிஞர் டாக்டர் எம். கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வாயிலாகச் சென்னையை அடுத்த கிராமங்களில் அதனை நிகழ்த்திக் காட்டினார். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று அழுத்தத்தை அளந்தனர். சிறுநீரில் அமிலம் விட்டுக் கலங்குகிறதா எனப் பார்த்தனர். பிரைட் கரண்டியில் கண்ட அதே புரதந்தான்! கொதிப்பையும் நீரிழிவையும் மலிவான மருந்துகளால் அடக்கினர். அவற்றுள் ஒன்று, நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் ஸ்விட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின். அதே வேரை 1931-இல் தில்லியில் ஆராய்ந்த சலீமுஸ்ஸமான் சித்தீகி, தாம் கண்ட ஒரு சத்துக்கு யூனானி மேதை ஹகீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயர் சூட்டினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கொதிப்புக்கு மாத்திரை உண்போர் நம் வீடுகளில் பலர். 'ஏன் ஏறியது?' என்று கேட்போர் சிலரே. சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என ஆண்டுக்கொரு முறையேனும் அறிந்துகொள்ளல் வேண்டும். இளவயதிலேயே கொதிப்பு வந்தாலோ, மூன்று மருந்துக்கும் அது அடங்காவிட்டாலோ, பொட்டாசியம் குறைந்திருந்தாலோ, ஹார்மோன் சோதனை வேண்டுமா என மருத்துவரிடம் வினவத் தயங்கலாகாது. சிறுநீரகம் பெரும்பாலும் வலியால் அழைப்பதில்லை. வயல் காய்ந்தபின் மடையைத் திறந்து பயனென்ன? கடைமடையின் முறையீட்டை நாமே தேடிச் சென்று கேட்பதுதான் அறிவுடைமை.