படிக்கட்டு இல்லாத மாடி

1934 முதல் நடக்கும் சென்னைக் கால்பந்து லீக்கில் நமக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. சீனியர் டிவிஷன், அதற்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் டிவிஷன் என்று படிகள். புள்ளிப் பட்டியலில் முந்திய அணி ஏறும். பிந்திய அணி இறங்கும். ஆடுபவன் பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டா, போட் கிளப் பங்களாவா என்று பட்டியல் கேட்பதில்லை.

1920இல் 'மூக்நாயக்' முதல் இதழிலேயே அண்ணல் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத பல மாடிக் கட்டடமாகக் காட்டினார். 2014இல் வந்த ஐ.எஸ்.எல். போட்டியும் அப்படித்தான் கட்டப்பட்டது. பணம் கட்டியவர்களுக்கு மேல்மாடி.

2018-19 பருவத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. கடைசி இடம், இறங்கவில்லை. அதே பருவத்தில் ஐ-லீக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி.; ஏறவில்லை. அந்த அணியும் ஐ-லீக்குக்குள் நேரடி அனுமதியில் வந்ததுதான். ஆனால் கோப்பையைக் களத்தில் வென்றது. ஐ-லீக் சாம்பியனுக்குக் கதவு திறந்தது 2023இல்தான். ஏறியது பஞ்சாப் அணி.

இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி' பேசுபவர்கள், தோற்றாலும் பறிபோகாத இந்த இடங்களைப் பற்றிப் பேசியதுண்டா?

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. மேல்மாடியை விற்றவர்கள் முதல் படிக்கும் விலை வைப்பார்கள். காசு கேட்காத திடலும் நமது உரிமைதான். அதை விடமாட்டோம்.