திரையிசையில் ஜாஸ்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசை, பம்பாய்த் திரையுலகை அடைந்ததில் கோவாக் கலைஞர்க்குப் பெரும்பங்குண்டு. மேனாட்டு இசைக்குறிமானம் கற்ற அன்னோர், ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தபின் திரைக்கு வந்தனர். சி. இராமச்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’ (1951) படத்தில், டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் தம் குழுவுடன் திரையிலும் தோன்றினார். அவரது இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ் என்பதாம்.

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, நம் இலங்கை வானொலியே அவற்றை இந்தியாவெங்கும் பரப்பிற்று. பாடியவரும் இசையமைத்தவரும் புகழெய்தினர். குறிமானம் எழுதிக் கொடுத்தோரும் வாத்தியம் இசைத்தோரும் பெரும்பாலும் பெயரின்றி மறைந்தனர். மெட்டு எங்கிருந்து வந்ததென ஆராய்வோர், அதனை இசைத்த கைகளையும் தேடி எழுதுதல் கடனாகும். அஃதின்றித் திரையிசை வரலாறு நிறைவு பெறாது.