நாய்த் தும்மல்

நாயின் மூக்கு உட்படலத்தில் உறுத்தல் ஏற்படும்போது நுரையீரல் காற்று மூக்கு வழியாகத் திடீரெனப் பீறிட்டு வெளிவரும் அனிச்சைச் செயலே நாய்த் தும்மல். முக்கிளை நரம்பின் நுனிகள் உறுத்தலை உணர்ந்து மூளையின் முகுளத்துக்குத் தெரிவிக்க, நெஞ்சும் வயிறும் தொண்டையும் ஒன்றுசேர்ந்து காற்றை உந்தித் தள்ளுகின்றன. மனிதரிடமும் இதே வழிமுறைதான். ஆனால் மூக்கு வேறு. நமக்கு மோப்ப உணர்விகள் 50 முதல் 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 முதல் 30 கோடி வரை. அந்த மூக்கைத் தரையோடு தரையாக வைத்து உலகை அறியும் பிராணி அவ்வப்போது தும்முவது இயல்பே. தும்மும் வேகத்தில் தலை தாழ்ந்து மூக்கு தரையில் மோதுவதும் உண்டு.

கவலை தராத தும்மல்கள்

வறமிளகாய் வறுக்கும் கமறல், சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், பட்டாசுப் புகை, தரை துடைக்கும் பினாயில், வாசனைத் தெளிப்பான், பூங்காவின் மகரந்தம் ஆகியவை வழக்கமான காரணங்கள். இடத்தை விட்டு விலகினால் தும்மல் நின்றுவிடும். சிகரெட் புகை மட்டும் தும்மலோடு முடிவதில்லை. புகைப்பவர் வீட்டில் வளரும் நீள்மூக்கு நாய்களுக்கு மூக்குப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியுள்ளது.

விளையாடும்போதும் நாய்கள் தும்மும். ஒன்றையொன்று கட்டிப் புரளும்போது நடுவே குட்டையாக, சளி இல்லாமல் வரும் இந்தத் தும்மலை, ‘இது சண்டை அல்ல’ என்று காட்டும் குறிப்பாகப் பயிற்சியாளர்கள் கொள்கிறார்கள். வீட்டு நாயின் தூரத்து உறவான ஆப்பிரிக்கக் காட்டு நாய் இதிலும் ஒரு படி மேல். போட்ஸ்வானாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, கூட்டம் வேட்டைக்குக் கிளம்புமா என்பது எத்தனை தும்மல் எழுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. தலைமை இணை தொடங்கிவைத்தால் மூன்று தும்மல் அளவில் கூட்டம் நகர்ந்துவிடுகிறது. மற்றவை தொடங்கினால் பத்து வரை தேவைப்படுகிறது. இதை வீட்டு நாய்க்கும் பொருத்திப் பேசுவோர் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

பின்தும்மல்

நாய் வளர்ப்போரை நள்ளிரவில் பதறவைப்பது இதுதான். நாய் நின்ற இடத்தில் கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டி, உதடுகளை இறுக்கிக்கொண்டு ‘கொர் கொர்’ என்று காற்றை உள்ளே இழுக்கும். மூச்சடைத்துச் சாகப்போகிறது என்றே தோன்றும். சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். நாய் எதுவும் நடக்காததுபோல வாலாட்டிக்கொண்டு போகும். மூக்குக்குப் பின்புறம், தொண்டையின் மேல்பகுதியில் ஏற்படும் உறுத்தலே காரணம். ‘ரிவர்ஸ் ஸ்னீசிங்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதையே. கழுத்தை மெதுவாக நீவிவிட்டால் நாய் எச்சில் விழுங்கும், அதோடு அடங்கிவிடும்.

பொமரேனியன் போன்ற சிறிய இனங்களிலும் பக் போன்ற சப்பை மூக்கு இனங்களிலும் இது மிகுதி. 2003-இல் வந்த ஹட்ச் கைப்பேசி விளம்பரத்துக்குப் பிறகு பக் நம் ஊர்களில் வேகமாகப் பரவியது. அதன் குறட்டையும் மூச்சுத் திணறலும் கூடவே வந்தன. எப்போதோ ஒருமுறை வரும் பின்தும்மலுக்கு மருந்து தேவையில்லை. திடீரென அடிக்கடி வரத் தொடங்கினாலோ, நாக்கும் ஈறும் நீலம் பாரித்தாலோ அது வேறு சிக்கல்.

நாய் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகவிட்டு, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல நடந்துகொண்டால் வாய்க்குள் கைவிட்டுத் துழாவக் கூடாது. வெறிநோயும் அப்படித் தோன்றலாம்.

ஒரு துளையா, இரு துளையா

தும்மல் நோயின் அறிகுறியா என்று அறிய, எத்தனை முறை தும்மியது என்று எண்ணுவதைவிட மூக்கிலிருந்து என்ன வருகிறது, எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று பார்ப்பது பயன் தரும். சின்னக் கண்ணாடி ஒன்றை மூக்கருகே பிடித்தால் மூச்சின் ஈரம் இரண்டு வட்டங்களாகப் படிய வேண்டும். ஒன்று மட்டும் படிந்தால் மறு துளை அடைபட்டிருக்கலாம்.

இரு துளையிலும் சளி, கூடவே காய்ச்சல், கண்ணில் பீளை, இருமல் என்றால் பெரும்பாலும் தொற்று. நாய் விடுதியில் விட்டு அழைத்துவந்த சில நாளில் வறட்டு இருமலோடு தொடங்கினால், போர்டெடெல்லா பாக்டீரியாவும் பாராஇன்ஃபுளூயன்சா வைரசும் உண்டாக்கும் ‘கென்னல் காஃப்’ ஆக இருக்கலாம். இவற்றில் அஞ்ச வேண்டியது டிஸ்டெம்பர். மனிதரின் தட்டம்மை வைரசின் இனத்தைச் சேர்ந்த வைரசால் வரும் இந்த நோய், தடுப்பூசி போடாத குட்டிகளைச் சாதாரணச் சளிபோலப் பிடிக்கும். பிறகு வயிற்றுப்போக்கு, அதற்கும் பிறகு வலிப்பு, தசை வெட்டி வெட்டி இழுத்தல். பிழைத்த நாய்க்கும் அந்த இழுப்பு ஆயுளுக்கும் நிற்கலாம். ‘நேற்றுக் குளிப்பாட்டியதால் சளி பிடித்துவிட்டது’ என்று ஒரு வாரம் காத்திருப்பவர்கள் இழப்பது இந்தக் குட்டிகளைத்தான். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி போட்டு, நான்கு மாதம் நிரம்பும்வரை இடைவெளிவிட்டுத் தொடர்ந்தால் இது பெரும்பாலும் அண்டாது.

ஒரே துளையில் தொல்லை என்றால் கதை வேறு. புதருக்குள் மோப்பம் பிடித்துத் திரிந்த நாய் திடீரென விடாமல் தும்மி, முன்காலால் மூக்கைத் தேய்த்தால் புல்லின் ஊசியோ விதையோ நுழைந்திருக்கும். அதன் செதில்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் முன்னேறுமே தவிர, தானாகத் திரும்பி வராது. வயதான நாய்க்குக் காரணம் பல்லாகவும் இருக்கலாம். மேல் கோரைப்பல்லின் வேரையும் மூக்கையும் பிரிப்பது மெல்லிய எலும்பு மட்டுமே. வேர் சீழ்பிடித்து எலும்பு அரிக்கப்பட்டால் தின்பதும் குடிப்பதும் மூக்கில் ஏறும். டாக்ஸ்ஹண்டு இனத்தில் இது அதிகம். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நீள்மூக்கு நாய்களைத் தாக்கி, மூக்குத் துளையின் ஓரக் கருமையை வெளுக்கச் செய்கிறது. புற்றுக்கட்டியும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் பரவும். முகம் ஒருபுறம் வீங்குவது அதன் பிந்திய அடையாளம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடுதலாக நினைவில் கொள்ள வேண்டியது ரைனோஸ்போரிடியம். குளம், ஏரி நீர் வழியாக மனிதருக்கும் கால்நடைக்கும் வரும் இந்த நோய் நாய்களையும் பீடிக்கிறது. மூக்குத் துளையில் இளஞ்சிவப்பு நிறத்தில், மேலே வெண்புள்ளிகளோடு சதை வளரும். தொட்டால் இரத்தம் கசியும். நெடுங்காலம் பூஞ்சை என்று கருதப்பட்ட இது, நீர்வாழ் ஒட்டுண்ணி நுண்ணுயிர் என்று பின்னர் தெரிந்தது. சதையை அறுவையால் வேரோடு நீக்குவதே சிகிச்சை.

இரத்தம் வந்தால்

பலமாகத் தும்மியதில் ஒரு சொட்டுத் தெறிப்பது வேறு. மூக்கிலிருந்து இரத்தம் வடிவது வேறு. வடிந்தால் முதலில் நாயின் காது மடல், விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா பாக்டீரியா இரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும். நம் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக் காலமே கிடையாது. டாக்சிசைக்ளின் மருந்தை ஏறத்தாழ நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும்; பாதியில் நிறுத்தக் கூடாது. எலி விஷமும் இன்னொரு காரணம். புரோமடயலோன் கலந்த எலி கேக்கைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்தே இரத்தம் கசியத் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. ஆகவே உறையைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வழியில் செய்யக்கூடியது கொஞ்சமே: நாயைப் பதறவிடாமல் வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூக்குத்தண்டின் மேல் வைக்கலாம். துளைக்குள் பஞ்சைத் திணிக்க வேண்டாம், தும்மல் கூடும்.

பரிசோதனையும் கைமருந்தும்

மருத்துவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரத்தத் தட்டு எண்ணிக்கை எடுப்பார். மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், உள்நோக்கி என்று போவது அதன் பிறகு. உறைதல் சோதனை செய்யாமல் மூக்குச் சதையை வெட்டி எடுப்பது ஆபத்து.

வீட்டு அலமாரியில் உள்ள மனித மருந்துகளைத் தொடாதீர்கள். பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கில் தடவினால் நாய் நக்கிவிடும், அதுவும் நஞ்சு. குழந்தைக்குச் சளி என்றால் பிழிந்து தரும் கற்பூரவள்ளிச் சாறுகூட நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

இரத்தம், ஒரு துளை அடைப்பு, முக வீக்கம், தீனி மறுத்தல், வாயால் மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி நன்றாக இருந்து, இரண்டு மூன்று நாளாகத் தும்மல் மட்டும் நிற்கவில்லை என்றாலும் காட்டிவிடுவது நல்லது. வீட்டில் ஓயாமல் தும்மிய நாய் மருத்துவர் முன் பெரும்பாலும் சாதுவாக நிற்கும். எனவே தும்மும்போதே கைப்பேசியில் படம் பிடித்து, எந்தத் துளை, எப்போதிருந்து என்று குறித்து எடுத்துச் செல்லுங்கள்.