பி53: பத்தாண்டுகள் தவறாக வாசிக்கப்பட்ட புரதம்

எஸ்வி40 என்னும் குரங்கு வைரசால் புற்றுத்தன்மை அடைந்த உயிரணுக்களில், வைரசின் புரதத்தோடு பிணைந்திருந்த இன்னொரு புரதத்தை 1979ஆம் ஆண்டில் இலண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு ஆகியோரும், பிரின்ஸ்டனில் டேனியல் லின்சர், ஆர்னால்டு லெவின் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். அது உயிரணுவுக்கே உரிய புரதம். ஆய்வகக் கூழ்மத்தில் அது நகர்ந்த தொலைவைக் கொண்டு அதன் எடை ஏறத்தாழ 53 கிலோடால்டன் எனக் கணிக்கப்பட்டது. பி53 என்ற பெயர் அவ்வாறு வந்தது. உண்மை எடை 44 கிலோடால்டனுக்குச் சற்றுக் குறைவு. பெயரில் தங்கிவிட்ட இப்பிழையால் தீங்கொன்றும் விளையவில்லை. செயலைப் பற்றிய பிழையோ பத்தாண்டுக்காலம் ஆய்வையே திசைதிருப்பியது.

புற்று உயிரணுக்களில் மிகுதியாகக் காணப்பட்டமையால், பி53 புற்றை வளர்க்கும் புரதம் என்று கருதப்பட்டது. 1984இல் வெளிவந்த ஆய்வுகளும் அக்கருத்துக்கு வலுச்சேர்த்தன. பி53 மரபணுவின் படியை ராஸ் என்னும் புற்றூக்கி மரபணுவோடு சேர்த்துச் செலுத்தியபோது, எலியின் இயல்பான உயிரணுக்கள் புற்றுத்தன்மை பெற்றன. ஆயினும் எல்லா ஆய்வகங்களின் படிகளும் இவ்விளைவைத் தரவில்லை. மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது காரணம் புலப்பட்டது: புற்றை உண்டாக்கிய படிகள் முன்பே பிறழ்வுற்றவை. சுவடிப் பதிப்பின் மொழியில் கூறுவதாயின், எழுத்துப்பிழை மலிந்த ஏடொன்று மூலபாடமாகக் கொள்ளப்பட்டிருந்தது.

1989இல் கருத்து தலைகீழாயிற்று. பிறழ்வற்ற பி53 புற்றுமாற்றத்தைத் தடுக்கிறது என்று லெவினின் குழு காட்டியது. பெருங்குடல் புற்றுகளில் 17ஆம் குரோமோசோமிலுள்ள இம்மரபணுவின் ஒரு படி இழக்கப்பட்டும் மற்றொன்று பிறழ்ந்தும் இருந்ததை பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு கண்டது. அடுத்த ஆண்டில், இளம் வயதிலேயே பலவகைப் புற்றுகள் தோன்றும் லீ-ஃபிராமெனி குடும்பங்களில் இப்பிறழ்வு மரபுவழி வருவது தெளிவாயிற்று. தலைமுறைதோறும் தொடர்ந்த துயருக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

டி.என்.ஏ. சிதையும்போது பி53 உயிரணுப் பிரிதலை நிறுத்துகிறது, பழுதுநீக்க வழிசெய்கிறது, சிதைவு சீர்செய்ய இயலாததாயின் உயிரணுவை மடியச் செய்கிறது. இப்பணிகளைக் கருதியே 1992இல் லேன் அதனை 'மரபணுத்தொகுதியின் காவலன்' என்றார். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இம்மரபணு பிறழ்ந்துள்ளது.

பிறழ்ந்த பி53 வகைகள் சில, காக்கும் திறனை இழப்பதோடு புற்றை வளர்க்கும் திறனையும் பெறுகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. எனவே 1984ஆம் ஆண்டுச் சோதனைகள் கண்டதும் மெய்யே. பிறழ்ந்த படியின் இயல்பை மூலத்தின் இயல்பாக வாசித்ததுதான் அன்று நேர்ந்த பிழை.