ரீசெட் பட்டனும் ஒரு பறக்கும் குதிரையும்

போன கோடை விடுமுறையில் வீட்டில் ஒரு சின்ன சம்பவம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய கேம் பாய் அட்வான்ஸை எட்டாவது படிக்கும் என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்: ஃபயர் எம்பளம். ஸ்ட்ரேட்டஜி கேம், அதாவது வியூக விளையாட்டு. கட்டம் போட்ட வரைபடத்தில் நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும், பிறகு எதிரி நகர்த்துவான். நாலைந்து நாளில் மூழ்கிப்போனாள்.

ஒரு சாயங்காலம் திடீரென்று சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள். ஃப்ளோரினா என்ற பறக்கும் குதிரை வீராங்கனையை ஒரு வில்லாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அம்பு, பறப்பவர்களை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும். ஆள் காலி. இந்த விளையாட்டில் ஒருவர் விழுந்தால் விழுந்ததுதான், அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரமாட்டார்.

"அப்பா, முதல்லேர்ந்து ஆடட்டுமா? இல்ல இப்படியே போகட்டுமா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. விழுந்தவர் திரும்பி வரமாட்டார் என்று இவர்கள் ஏன் வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். போகப் போக, டிவியோடு இணைக்கும் கன்சோல்களிலும் கையடக்கக் கருவிகளிலும் இந்த வகை வளர்ந்த கதையே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது என்று தோன்றியது. புதிதாக ஆட வருபவன் செய்யும் தப்புக்கு என்ன விலை வைப்பது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1980களில் வியூக விளையாட்டு என்றால் பெரும்பாலும் கணினிதான். கீபோர்டு, தடிமனான கையேடு, அறுகோணக் கட்டங்கள். கன்சோலில் இருந்ததோ ஒரு கூட்டல்குறிப் பட்டனும் இன்னும் சில பட்டன்களும். நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்குள் இருந்த வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று நாம் அனுப்பும் ஒரு சாதாரண மின்னஞ்சலே அதைவிடப் பெரிது.

அந்த இயந்திரத்துக்கு 1988இல் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் நின்டெண்டோவும் சேர்ந்து ஃபேமிகாம் வார்ஸ் கொண்டுவந்தார்கள். அதில் அறுகோணம் இல்லை, சதுரக் கட்டம். மேலே, கீழே, இடது, வலது: கூட்டல்குறிப் பட்டனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். காலாட்படை ஊர்களைப் பிடிக்கும், பிடித்த ஊர் பணம் தரும், பணத்தில் டாங்கி வாங்கலாம். பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். தப்புக்கான விலையும் பணம்தான். ஒரு படை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் பெயர் கிடையாது, சதுரங்கச் சிப்பாய் மாதிரி.

இரண்டே வருஷத்தில், 1990 ஏப்ரலில், அதே நிறுவனத்தில் ஷோஸோ காகா என்பவரின் வடிவமைப்பில் முதல் ஃபயர் எம்பளம் வந்தது. கட்டம் அதே மாதிரிதான், ஆனால் சிப்பாய்களுக்குப் பெயர் வந்துவிட்டது. முகம், பேச்சு, ஒரு கதை, கூடவே மரணமும். மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். கதாநாயகன் மார்த் விழுந்தால்தான் ஆட்டம் முடியும், மற்றவர்கள் போனால் கதை நடந்துகொண்டே இருக்கும். புதிய ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள். இதைக் கவனித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இழப்பு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். யாரையும் இழக்காமல் முடிப்பது கட்டாயமில்லை.

ஆனால் ஃபேமிகாமின் முகப்பில் ஒரு ரீசெட் பட்டன் இருந்ததே! பிடித்த ஆள் போனால் பட்டனை அழுத்திவிட்டு அத்தியாயத்தை மறுபடியும் ஆடுவது ரசிகர்களின் வழக்கமாகிவிட்டது. வடிவமைத்தவர் ஒன்று நினைக்க, ஆடுகிறவன் வேறொன்று செய்வான். மென்பொருள் எழுதுகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

பத்து வருஷத்துக்கும் மேல் இந்த இரண்டு வரிசைகளும் ஜப்பானைத் தாண்டவில்லை. கதவைத் திறந்தது அட்வான்ஸ் வார்ஸ், கேம் பாய் அட்வான்ஸில். அதன் திரை 240க்கு 160 புள்ளிகள், அதாவது ஒரு நேரத்தில் 15க்கு 10 கட்டங்கள் தெரியும். அந்தச் சின்னத் திரையில் அவர்கள் முதலில் வைத்தது ஒரு பயிற்சி வகுப்பை. ஒரு பாடத்தில் காலாட்படை, இன்னொன்றில் போக்குவரத்து வண்டி, வேறொன்றில் விமானம் என்று ஒவ்வொரு பாடமும் குட்டிச் சண்டையாகவே இருக்கும். கையேட்டைப் படித்துவிட்டு வா என்று சொன்ன காலம் அங்கே முடிந்தது.

அந்த விளையாட்டு அமெரிக்காவில் வெளியான நாள் 2001 செப்டம்பர் 10. மறுநாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானில் வரவேண்டிய பதிப்பு தள்ளிப்போய், 2004இல் இரண்டாம் பாகத்தோடு சேர்ந்துதான் கடைக்கு வந்தது. இரண்டு பாகங்களையும் ஸ்விட்ச் கருவிக்காகப் புதுப்பித்தபோதும் இதே கதை. 2022 வசந்தத்தில் வரவேண்டியது, உக்ரைன் போர் தொடங்கியதும் ஒத்திவைக்கப்பட்டு 2023 ஏப்ரலில்தான் வந்தது. இந்த ஆட்டத்தில் ஒரு காலாட்படையின் விலை 1,000. வெளியே பெயருள்ள மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இந்த எண்ணைப் பார்ப்பது யாருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஃபயர் எம்பளம் முதன்முதலாக ஆங்கிலத்தில் வந்தது 2003இல். என் மகள் ஆடியது அதுதான். முதல் பகுதி முழுக்க லின் என்ற பெண்ணின் கதை. ஒரு முன்னுரை, அதற்குப் பிறகு பத்து அத்தியாயங்கள், எல்லாமே பாடம்தான். ஆரம்பத்தில் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அதுவே காட்டும், வேறு கட்டத்துக்குப் போக விடாது. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவோமே, அப்படி. பிறகு எப்போது கையை விட்டார்கள் என்று நமக்கே தெரியாது.

அடுத்தது, இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய விஷயம். அடிப்பதற்கு முன்னால் திரையில் "90 சதவீதம் படும்" என்று காட்டுகிறது அல்லவா, அது உண்மையில்லை! 2002க்குப் பிறகு வந்த கேம் பாய் அட்வான்ஸ் பாகங்களில், 0 முதல் 99 வரை இரண்டு எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையில் 90 என்றால் உண்மையான வாய்ப்பு 98.1 சதவீதம். 70 என்றால் 82.3. எதிரிக்கு 10 என்று காட்டினால் உண்மையில் 2.1தான். 90 என்று பார்த்தால் நம் மனசு "கண்டிப்பாகப் படும்" என்றுதானே நினைத்துக்கொள்கிறது? பத்தில் ஒரு தடவை தவறினால் ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் வராதபடி கணக்கையே வளைத்துவிட்டார்கள்.

ஆனால் அதே கருவியில் இன்னொன்றையும் செய்தார்கள். ஒவ்வொரு நகர்வையும் அந்தந்த நேரத்தில் சேமித்துவிடுகிறது. அணைத்துவிட்டுப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும், அதே அடி அதே மாதிரிதான் விழும். ஒரு நகர்வை மட்டும் திரும்பப் பெற முடியாது. வேண்டுமானால் அத்தியாயம் முழுவதையும் மறுபடி ஆடு, முக்கால் மணி நேரத்தைக் கொடு என்கிறது. அதிர்ஷ்டத்தில் கரிசனம் காட்டுகிறார்கள், நம் முடிவுகளில் காட்டுவதில்லை.

பிறகு அந்தக் கண்டிப்பும் தளர்ந்தது. 2010இல் ஜப்பானில் மட்டும் வந்த பாகத்தில் 'கேஷுவல்' முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் திரும்பிவிடுவார். 2012இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த அவேக்கனிங் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2.5 லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் இந்த வரிசைக்கே மூடுவிழா என்ற நிலை இருந்ததாகத் தயாரிப்பாளரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். விற்றது 10 லட்சத்தைத் தாண்டியது. கதவைக் கொஞ்சம் அகலத் திறந்ததுதான் வீட்டைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். 2017க்குப் பிறகு வந்த பாகங்களில் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் வந்துவிட்டது, ஆனால் எண்ணிக்கையில் அளவு உண்டு. நம் பாஷையில் சொன்னால், ரேஷன் அன்டூ.

இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் 2018இல் வந்த இன்டு தி பிரீச். பலகை 8க்கு 8தான். எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்று முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நகர்த்தியதை அடிப்பதற்கு முன்னால் திரும்பப் பெறலாம், ஒரு முழு முறையை சண்டைக்கு ஒரு தடவை மாற்றி ஆடலாம். தகவலை ஒளிக்காததால், தோற்றால் அது முழுக்க நம் தப்பு என்று நமக்கே தெரியும்.

சரி, புதிதாக ஆரம்பிக்க நினைப்பவருக்கு என்ன சொல்வது? அவசரம் வேண்டாம், இது முறைமாற்றி ஆடுவது, உங்களுக்காகக் காத்திருக்கும். படை வேண்டுமா, அட்வான்ஸ் வார்ஸ். கதையும் மனிதர்களும் வேண்டுமா, ஃபயர் எம்பளம். அரை மணி நேரம்தான் கிடைக்கிறதா, இன்டு தி பிரீச். கேஷுவல் முறையில் ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முடிக்காமல் பாதியில் போடுவதைவிட அது நல்லது. ஆனால் ஒரு தடவையாவது, ஆள் போனாலும் ரீசெட் செய்யாமல் ஒரு ஆட்டத்தை முடித்துப் பாருங்கள். காகா கட்டிய விளையாட்டு அதுதான்.

மகளிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "உன் ஆட்டம், நீயே முடிவு பண்ணும்மா" என்று மட்டும் சொன்னேன். இரண்டு தடவை அத்தியாயத்தை மறுபடி ஆடினாள். இரண்டாவது தடவை ஃப்ளோரினா பிழைத்தாள், ஆனால் வேறொருவன் விழுந்துவிட்டான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லப்பா. இவன் இல்லாமலே போறேன்."

இப்போதெல்லாம் யாரையும் நகர்த்துவதற்கு முன்னால், எதிரி வில்லாளி ஒவ்வொருவன் மேலும் கர்சரை வைத்து, அவன் எதுவரைக்கும் எட்டுவான் என்று பார்க்கிறாள். அதை நான் சொல்லித்தரவில்லை. லின்னின் பத்து அத்தியாயப் பாடமும் அதை அவள் மனசில் பதியவைக்கவில்லை.