கிராம வனக்குழு: தீத்தடுப்பும் கணக்குப் பதிவும்

கிராம வனக்குழு என்பது காட்டை ஒட்டிய ஊர்களில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. தமிழ்நாட்டில் 1997 முதல் இருந்துவருகிறது. மரம் நடுதல், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தல் ஆகியவற்றோடு காட்டுத் தீயைத் தடுப்பதும் அணைப்பதும் இதன் வேலை. அமெரிக்கச் சிற்றூர்களில் காணும் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு இங்கே மிக நெருங்கிய அமைப்பு இதுவே.

தமிழ்நாட்டின் தீயணைப்பு நிலையங்களை மாநில அரசின் துறையே நடத்துகிறது. அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் (1992) நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பணிகளின் பட்டியலில் தீயணைப்பையும் சேர்த்தது. ஆயினும் தேனி மாவட்டத்தில் 1886இல் அமைந்த பெரியகுளம் நகராட்சிக்கும் அந்தப் பொறுப்பு வரவில்லை. ஊருக்குள் தீப்பிடித்தால் நிலையத்து வண்டி வந்துவிடும். பெரியகுளத்தை அடுத்த சோத்துப்பாறை, கும்பக்கரைக்கு மேலே உள்ள மலைச் சரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வண்டி ஏறாது. அங்கே ஆள்தான் ஏற வேண்டும்.

கடமையிலிருந்து குழுவுக்கு

1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம், காட்டில் மேய்ச்சல் முதலிய உரிமை பெற்றவர்கள் தீயைக் கண்டால் தகவல் தரவும் அணைக்க உதவவும் கடமைப்பட்டவர்கள் என்றது. அந்தக் கடமையோடு குழுவோ பொதுப்பணமோ வரவில்லை. ஆகவே ஊரார் காட்ட வேண்டிய கணக்கும் இல்லை.

1988ஆம் ஆண்டு தேசிய வனக்கொள்கையும், 1990 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் கூட்டு வன மேலாண்மைக்கு வழி திறந்தன. ஜப்பான் கடனுதவியுடன் 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. தலைவர் ஊர்க்காரர், செயலராக இருப்பவர் வனத்துறை ஊழியரான வனவர். குழுவின் வங்கிக் கணக்கை இருவரும் கையெழுத்திட்டு இயக்கும் ஏற்பாடு அப்போது வந்தது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வவுச்சர் கட்டு ஆகியவை ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தன.

தணிக்கை

2002இல் வந்த தேசிய காடு வளர்ப்புத் திட்டம், வனக்கோட்ட அளவில் குழுக்களை வன மேம்பாட்டு முகமை என்ற கூட்டமைப்பாக இணைத்தது. சங்கமாகப் பதிவு செய்யப்பட்ட இந்த முகமை வழியாகவே பணம் குழுக்களுக்கு இறங்கியது. முகமையின் கணக்கைப் பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) வந்தபின் வனத்துறையிடம் உள்ள பதிவேடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம்.

தணிக்கைக்கு எளிதில் அகப்படுவது தீத்தடுப்புக் கோடு. கோடை பிறக்குமுன் காய்ந்த புல்லையும் சருகையும் ஒரு பட்டையாகச் செதுக்கி, ஒதுக்கி, காவலிருந்து எரிப்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம் என்று அளவுப் புத்தகத்தில் ஏறும், கூலி அதன்படி. பங்குனி இரவில் தீ இறங்கும்போது நடப்பது வேறு. பச்சைக் கொப்புகளை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்து அணைக்கிறார்கள். அதற்கு நீள அகலம் கிடையாது; யார் யார் ஏறினார்கள் என்பதை வனவர் எழுதினால்தான் உண்டு.

எண்ணிமப் பதிவு

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத் தீயைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்புகிறது. முதலில் பயன்பட்ட மோடிஸ் உணரி 1 கி.மீ. அளவிலும், பின்னர் சேர்ந்த வீர்ஸ் உணரி 375 மீட்டர் அளவிலும் தீயைக் காட்டும். இடமும் நேரமும் குறுஞ்செய்தியாக வருகின்றன.

பணத்தின் பக்கத்தில், காட்டுத் தீ தடுப்பு மேலாண்மைத் திட்டத்துக்கு மத்திய அரசு 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் தருகின்றன. மத்திய உதவித் திட்டங்களின் பணம் 2021இல் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு திட்டத்துக்கு ஒரே கணக்கு என்ற முறைக்கு, பொது நிதி மேலாண்மை அமைப்பின் இணையப் பதிவோடு மாறியது. மாநில அரசின் பட்டியல்கள் 2019இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நிதி, மனிதவள மேலாண்மை அமைப்பில் ஏறுகின்றன.

குரங்கணிக்குப் பின்

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகே குரங்கணி மலையில் மூண்ட தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தனர். மூத்த அரசு அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடந்தது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதே ஆண்டில் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு இணைய முன்பதிவு தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. யார், எந்த நாளில், எந்தக் காட்டில் இருக்கிறார் என்ற பதிவு அதனால் கிடைக்கிறது.

மதிப்பீடு

பணம் போன வழி இன்று நன்றாகத் தெரிகிறது. கூலியில்லாமல் மலையேறியவரின் உழைப்பு அந்தக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது. செயற்கைக்கோள் காட்டும் தீயின் நாளையும் இடத்தையும் குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கலாம். வன அளவை நிறுவனத்தின் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிந்து, தம் பகுதிக்கான தீ எச்சரிக்கையைப் பொதுமக்களும் பெறலாம்.